இல்லாத விளையாட்டுக்கு எழுதிய இசை

அவனை வீட்டில் எல்லோரும் கீச்சு என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணமான புதிதில் மாமனார் வைத்த பெயர். மாப்பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்னதான் செய்கிறார் என்று பார்க்கப் போனவர், அங்கிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, எலி எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று துடைப்பத்தோடு திரும்பி வந்தார். விஷயம் தெரிந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. மரியாதை கெடக் கூடாது என்பதற்காகக் 'கீச்சு மாப்பிள்ளை' என்று நீட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

கீச்சுவுக்குப் பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடையில். கடையின் முன்பக்கம் பளபளவென்று இருக்கும். வரிசை வரிசையாக ப்ரேம்கள், முகம் பார்த்துக்கொள்ள வட்டக் கண்ணாடிகள், யார் எதைப் போட்டாலும் 'உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு' என்று சொல்லும் விற்பனைப் பெண். கீச்சு பின்னறை ஆள். லென்ஸை ப்ரேமின் வடிவத்துக்கு அரைப்பது, திருகாணி மாற்றுவது, உட்கார்ந்து நசுக்கிய காதுக்கம்பியைச் சூடுகாட்டி நிமிர்த்துவது எல்லாம் அவன் வேலை. அரைக்கும் இயந்திரம் போடும் சத்தத்தில் அவன் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருக்கலாம், யாருக்கும் கேட்காது. அந்த வேலையில் அவனுக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அதுதான்.

முணுமுணுத்ததை வீட்டுக்கு வந்து இசையாக எழுதுவான். பழைய டி.வி. விளையாட்டுகளில் ஒரு குட்டி மனிதன் குழிகளைத் தாண்டித் தாண்டி ஓடும்போது பின்னால் டிங் டிங் என்று ஒரு பாட்டு ஓடுமே, அந்த மாதிரி இசை. சிப்டியூன் என்பார்கள். அந்தக் காலத்துச் சிப்பால் ஒரே சமயத்தில் மூன்று ஸ்வரமும் ஓர் இரைச்சலும்தான் எழுப்ப முடியும். மூன்றை வைத்துப் பாட்டு, இரைச்சலை வைத்து மேளம். கீச்சு இன்றைக்கும் அந்த எல்லைக்குள்ளேயே எழுதினான். இப்போதைய கம்ப்யூட்டரில் ஒரு வாத்தியக் குழுவையே வரவழைக்கலாமே என்று யாராவது கேட்டால், நாலே பேர் இருக்கிற வீட்டில்தான் சண்டை தெளிவாகக் கேட்கும் என்பான்.

எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல், தானே எழுதி, தானே அட்டைப்படம் வரைந்து, இணையத்தில் ஆல்பம் ஆல்பமாக ஏற்றிவைத்திருந்தான். கேட்கத்தான் ஆள் இல்லை. இருந்த சில கேட்பாளர்களும் தாங்களே ஆல்பம் போடுகிறவர்கள். 'உன்னுடையதைக் கேட்டேன், என்னுடையதைக் கேட்டாயா' என்ற ஒப்பந்தத்தில் ஓடும் நட்பு அது. உண்மையில் யாரும் யாருடையதையும் கடைசிவரை கேட்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்வது மட்டும் நாகரிகமில்லை.

அவன் மனைவி பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க மற்றவர்களின் முழங்காலை மடக்கி நீட்டிவிட்டு வருகிறவள். கணவனின் இசை பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. குடிக்கவில்லை, சீட்டாடவில்லை, கீச்சுகீச்சென்கிறார், போகட்டும் என்பதுதான் அவள் கணக்கு. அக்கறை எடுத்துக்கொண்டது அவள் தம்பிதான். விளம்பரக் கம்பெனியில் மெத்தைகளுக்கு வாசகம் எழுதுகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தவன், கீச்சு எழுதி முடித்திருந்த புது ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மாமாவைப் பாராட்டினான். ஆல்பத்தின் பெயர் 'ஆந்தைக் கோட்டை'. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கட்டத்தின் பெயர். ஈரக் குகை, கண்ணாடிப் பாலம், தூங்கும் ராட்சசன். அப்படி ஒரு விளையாட்டு உலகத்திலேயே கிடையாது. இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கீச்சு மனசுக்குள் ஓட்டிப் பார்த்து எழுதியது.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா புதுசு மாதிரி இருக்கு. புதுசை யார் வாங்குவா?" என்றான் மச்சினன். அவன் எழுதிய மெத்தை விளம்பரத்தில் முதலில் பஞ்சு, ஸ்பிரிங் என்று விவரமெல்லாம் போட்டார்களாம், ஒன்றும் நகரவில்லையாம். 'சின்ன வயதில் தூங்கிய அதே தூக்கம்' என்று மாற்றியதும் அள்ளிக்கொண்டு போனார்களாம். சின்ன வயதில் அவனெல்லாம் பாயில்தானே படுத்தான் என்று அக்கா ஞாபகப்படுத்தினாள். அதைப் பற்றி விளம்பரத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்றான் அவன்.

அறிமுகக் குறிப்பை அவனே எழுதிக் கொடுத்தான். பல வருடங்களுக்கு முன் ஒரு சின்னக் கம்பெனி வெளியிட்டு, கடைக்கு வந்த வாரமே காணாமல் போன விளையாட்டின் இசை இது என்று. கடைசி வரியில் அவன் தொழில்திறமை முழுவதும் இருந்தது: 'உங்களுக்கு நினைவிருக்கலாம்.'

இது பொய்யல்லவா என்று கீச்சு தயங்கினான். 'இருக்கலாம்' என்றுதானே போட்டிருக்கிறது, 'இருக்கிறது' என்றா போட்டிருக்கிறது என்று மச்சினன் விளக்கினான். கீச்சுவும் சரி, ஒரு விளையாட்டுக்குத்தானே என்று ஏற்றிவிட்டான்.

முதல் சில நாள் வழக்கம்போல் சத்தமில்லை. பிறகு ஒருவர் எழுதினார், இதைத் தன் பெரியப்பா வீட்டில் விளையாடியிருப்பதாக. கீச்சு அதைப் படித்துச் சிரித்துவிட்டு மனைவியிடம் காட்டினான். அடுத்தவர், கண்ணாடிப் பாலத்தைக் குதித்துக் கடக்க முடியாது, மெதுவாக நடந்தால்தான் உடையாது, அந்த ரகசியம் தெரியாமல் தானும் தங்கையும் ஒரு கோடை விடுமுறையையே தொலைத்ததாக எழுதினார். அதற்குக் கீழே வந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். தூங்கும் ராட்சசன் எந்தக் காதில் அடித்தால் விழிப்பான் என்று ஒரு விவாதம் கிளம்பியது. ஒரு பெண், அப்பா வீட்டை விட்டுப் போவதற்கு முன் கடைசியாக வாங்கிக்கொடுத்தது இந்த விளையாட்டுதான் என்றும், ஈரக் குகையின் இசை தொடங்கியதும் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டதாகவும் எழுதியிருந்தாள். இதைப் படித்தபோது கீச்சு சிரிக்கவில்லை. அதை மனைவியிடம் காட்டவுமில்லை.

ஆல்பம் பிய்த்துக்கொண்டு போனது. கடையில் லென்ஸ் அரைத்துக்கொண்டே கைப்பேசியைப் பார்ப்பான், பார்க்கப் பார்க்க எண்ணிக்கை ஏறும். இத்தனை வருடம் எழுதியது வீண்போகவில்லை என்று ஒரு பக்கம் குளுகுளு என்றிருந்தது. ஆனால் எழுதிய ஒருவர்கூட இசை நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை என்பதை அவன் கவனிக்க ஆரம்பித்தான். 'அப்படியே இருக்கிறது' என்றார்கள். 'ஒரிஜினலில் இன்னும் கொஞ்சம் வேகம்' என்றார்கள். ஒருவர், இரண்டாவது பாட்டில் ஒரு ஸ்வரத்தைத் தப்பாகப் போட்டுக் கெடுத்துவிட்டான், விளையாட்டில் அது இப்படி இருக்காது என்று குற்றம்சாட்டினார். அந்த இடத்தை எழுதத்தான் கீச்சு மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக மெனக்கெட்டிருந்தான்.

அதைத் தாங்க முடியாமல் உண்மையை எழுதினான். ஆந்தைக் கோட்டை என்று எந்த விளையாட்டும் இல்லை, எல்லாம் கற்பனை, இசை முழுக்க என் சொந்தம், குறிப்பு ஒரு வேடிக்கைக்காக எழுதப்பட்டது, மன்னிக்கவும் என்று பணிவாகத்தான் எழுதினான். மனைவி முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். வலிக்கிற இடம் என்று நோயாளி காட்டுகிற இடத்தில் பெரும்பாலும் கோளாறு இருக்காது, ஆனால் அதை முதல் நாளே சொன்னால் மறுநாள் வேறு டாக்டரிடம் போய்விடுவார் என்றாள்.

இவன் விஷயத்தில் அவர்கள் வேறு டாக்டரிடம் போகவில்லை. இவனையே பிடித்துக்கொண்டார்கள்.

பழைய விளையாட்டுப் பிரியர்களுக்கு என்று இணையத்தில் ஒரு பெரிய மன்றம் இருந்தது. அதை நடத்துகிறவரைப் பெட்டகம் என்பார்கள். வீட்டில் ஓர் அறை முழுக்க விளையாட்டுக் கேசட்டுகளை அட்டைப்பெட்டியோடு, பிரிக்காமல் வைத்திருப்பவர். எதையும் விளையாடமாட்டார், பிரித்தால் மதிப்பு போய்விடும். அவர் தீர ஆராய்ந்து ஒரு கட்டுரை போட்டார். இத்தனை பேர் ஒரே மாதிரி பொய்யாக நினைவுகூர முடியாது, ஆகவே விளையாட்டு இருந்தது உறுதி. அதன் இசையை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்ட ஒருவன், மாட்டிக்கொண்டதும், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதிக்கிறான். மூல இசையமைப்பாளர் யார் என்று அவன் சொல்லியாக வேண்டும். கட்டுரை தர்க்கரீதியாக மிகச் சரியாக இருந்தது. கீச்சுவே படித்து முடித்தபோது ஒரு கணம், இந்த ஆள் ஏன் இப்படிச் செய்தான் என்று நினைத்துவிட்டான்.

மன்றத்தின் ஆண்டுக் கூட்டம் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. நேரில் வந்து விளக்கம் சொல்லலாம் என்று பெட்டகம் அழைத்திருந்தார். கீச்சு போனான். மச்சினனும் கூடப் போனான், 'பப்ளிசிட்டி மாமா, எந்தப் பப்ளிசிட்டியா இருந்தா என்ன' என்று. மண்டபத்தில் வழுக்கை விழுந்த ஆண்கள் பள்ளிக்கூடப் பையன்கள் போடுகிற மாதிரி பனியன் போட்டுக்கொண்டு சுற்றினார்கள். நெஞ்சில் நட்சத்திரம், காளான், விண்கலம். மூலையில் பழைய டி.வி. பெட்டிகள் வைத்து விளையாட்டுகள் ஓடின. அவற்றின் முன்னால் ஆள் அதிகமில்லை, எல்லோரும் அந்தக் காலத்தில் விளையாடியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கீச்சு தன் மடிக்கணினியைத் திரையில் இணைத்து, ஒவ்வொரு பாட்டையும் எப்படி எழுதினான் என்று காட்டினான். மேலிருந்து கீழே ஓடும் எண் வரிசைகள், அடித்துத் திருத்திய இடங்கள், முதலில் வேறு மாதிரி இருந்து பிறகு மாறிய வடிவங்கள். பொறுமையாகக் கேட்டார்கள். முடித்ததும் பெட்டகம், நன்றாகக் காப்பியடிக்கிறவனும் இப்படித்தான் படிப்படியாகச் செய்வான் என்றார். கை தட்டினார்கள்.

அப்போது ஒரு பெண்மணி எழுந்து, எல்லாம் இருக்கட்டும், கடைசிக் கட்டத்தில் வருகிற அந்தப் பழுப்பு ஆந்தைக்கு என்ன பாட்டு என்று கேட்டாள். வெள்ளை ஆந்தை என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் திருத்தியது. பழுப்பு என்றாள் அவள். தன் வீட்டு டி.வி. கலர் டி.வி., அவர் வீட்டில் கறுப்பு வெள்ளையாக இருந்திருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டாள். இதில் குடும்ப கௌரவம் கலந்துவிட்டது. மண்டபம் இரண்டாகப் பிரிந்து, நாற்காலிகள் நகர்ந்து, பழுப்புக்காரர்கள் ஜன்னல் பக்கமும் வெள்ளைக்காரர்கள் மேடைப் பக்கமுமாக நின்று வாதாடினார்கள். கைகலப்பாகிவிடுமோ என்று பயந்து கீச்சு மைக்கைப் பிடித்தான்.

"ஆந்தையே இல்லைங்க. நான் பாட்டு போட்டேன். ஆந்தை போடவே இல்லை."

இரண்டு கட்சியும் உடனே ஒன்றாகிவிட்டன. அவனைப் பார்த்த பார்வையில், பள்ளிக்கூட வாசலில் பலூன் உடைத்தவனைப் பார்க்கிற வெறுப்பு இருந்தது. அந்தப் பெண்மணி மட்டும் கோபமில்லாமல், உண்மையான வருத்தத்தோடு சொன்னாள்: "எங்க அப்பா வாங்கிக் கொடுத்தது. அது இல்லைன்னு சொல்ல நீங்க யாரு?"

கீச்சு மைக்கை வைத்தான். மடிக்கணினியை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். மச்சினன் வரவில்லை. வெள்ளைக்காரர்கள் பக்கம் யாருடனோ பேச்சில் இருந்தான்.

இதற்குப் பிறகுதான் இன்னொரு திருப்பம். அந்த விளையாட்டைச் செய்தது நான்தான் என்று ஒருவர் மன்றத்தில் எழுதினார். ஓய்வுபெற்றவர், ஒரு காலத்தில் விளையாட்டு நிரல் எழுதியவர், தனியாக இருக்கிறார். அதிகம் எழுதவில்லை. 'இது என் விளையாட்டு என்று நினைக்கிறேன். இத்தனை பேர் நினைவு வைத்திருப்பதற்கு நன்றி' என்று இரண்டே வரி. பெட்டகம் வெற்றிக்கொடி நாட்டினார். திருட்டு நிரூபணமாகிவிட்டது என்று கொட்டை எழுத்தில் போட்டார்.

கீச்சுவுக்கு அதுவரை வராத கோபம் அப்போது வந்தது. நினைவுக்கோளாறு ஒன்று, பொய் வேறொன்று. கூட்டமாக ஏமாறுகிறவர்களை மன்னிக்கலாம், தெரிந்தே என்னுடையது என்று வந்து உட்காருகிறவரை எப்படி மன்னிப்பது. விலாசம் வாங்கிக்கொண்டு, கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, காலையிலேயே கிளம்பினான். என்னென்ன கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்தான்.

பெரியவர் ஓர் அடுக்குமாடியின் மேல்மாடியில் இருந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏறி முடித்தபோது ஒத்திகை பார்த்ததில் பாதி மூச்சோடு போய்விட்டது. கதவைத் திறந்தவர் ஒல்லியாக, சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தார். இவன் யாரென்று சொன்னதும் அவர் முகம் மாறும் என்று எதிர்பார்த்தான். அவரோ, வாங்க வாங்க, உங்களைத்தான் பார்க்க நினைத்தேன் என்று உட்கார வைத்து, இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்தார்.

"ஆந்தைக் கோட்டையை நீங்க செஞ்சதா எழுதியிருக்கீங்க. அப்படி ஒண்ணு கிடையாது சார். எனக்குத் தெரியும், நான்தான் அதைக் கற்பனை பண்ணினவன்" என்றான் கீச்சு.

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கடைக்கு வந்த வாரமே காணாமப் போச்சுன்னு போட்டிருந்துச்சு. அது வரைக்கும் சரியா இருந்துச்சு தம்பி. மத்ததை எல்லாம் அவங்க மறந்துட்டு மாத்திச் சொல்றாங்கன்னு நெனச்சேன்."

"ஆந்தை?"

"நான் செஞ்ச விளையாட்டுல, மேல்மாடி ஜன்னல்ல ஒரு புறா வெச்சிருந்தேன். சின்னதா. அதைத்தான் ஆந்தைங்கறாங்களோன்னு."

அவர் செய்த விளையாட்டின் கதையைச் சொன்னார். சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த காலத்தில், தனி ஆளாக எழுதியது. விளையாடுகிறவர் ஓர் உயரமான கட்டடத்தின் லிஃப்ட் ஓட்டுநர். ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். அவசரக்காரர் ஒருவர், பேச்சுவார்த்தை இல்லாத புருஷன் பெண்சாதி ஒரு ஜோடி, எந்த மாடி என்று மறந்துபோகும் ஒரு குமாஸ்தா. ஒருவர் மீன்தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுவார், அவர் இருக்கும்போது லிஃப்டை வெடுக்கென்று நிறுத்தினால் தண்ணீர் சிந்திவிடும். யார் யாரை எப்போது ஏற்றி இறக்குவது என்பதுதான் ஆட்டம். முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, இதில் யாரைச் சுட வேண்டும் என்று கேட்டாராம். யாரையும் சுட வேண்டாம் என்றதும், பிறகு எதற்கு ஆட வேண்டும் என்றாராம். ஆனாலும் கடைக்குப் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. அத்தோடு கம்பெனியும் மூடிக்கொண்டது. பெரியவர் அதன் பிறகு குளிர்பெட்டி விற்கிற நிறுவனத்தில் சரக்கு இருப்புக்கான நிரல் எழுதி ஓய்வு பெற்றார்.

சோப்பு டப்பாவிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து, டி.வி.யோடு இணைத்திருந்த பழைய விளையாட்டுப் பெட்டியில் சொருகினார். ஊதி ஊதிச் சொருகியதும் படம் வந்தது. கீச்சு விளையாடிப் பார்த்தான். மீன்தொட்டிக்காரரை ஏற்றிக்கொண்டு போய் மெதுவாக நிறுத்தினான். குட்டி குட்டிச் சதுரங்களால் ஆன தண்ணீர் ஒருமுறை தளும்பி அடங்கியது. அந்த மனிதர் இறங்கிப் போகும்போது லேசாகத் தலையாட்டினார். கீச்சு தன்னை அறியாமல் திரும்பத் தலையாட்டினான்.

சண்டை போட வந்தவன் மத்தியானச் சாப்பாடு வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். ஒரு விஷயம் மட்டும் அவனுக்கு உறுத்தியது. விளையாட்டில் சத்தமே இல்லை. கேட்டபோது பெரியவர் கொஞ்சம் வெட்கத்தோடு, தண்ணீர் தளும்புவதற்கே கேசட்டில் பாதி இடம் போய்விட்டது, பாட்டு வைக்க இடமில்லை என்றார். இப்போதைய கம்ப்யூட்டருக்கு மாற்றி எழுதினால் இடத்துக்குப் பஞ்சமில்லையே என்றான் கீச்சு. மாற்றி எழுத நான் இருக்கிறேன், பாட்டுக்கு எங்கே போவேன் என்றார் அவர்.

கீச்சு முதலில் ஆந்தைக் கோட்டைப் பாட்டுகளையே பொருத்திப் பார்த்தான். எதுவும் ஒட்டவில்லை. ஈரக் குகைப் பாட்டு ஓடினால், லிஃப்டில் நிற்கிறவர்கள் எல்லோரும் யாரோ செத்ததற்குப் போகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். வருடக்கணக்காக இல்லாத விளையாட்டுகளுக்கு எழுதிப் பழகியவனுக்கு, கண்ணெதிரே இருக்கும் விளையாட்டுக்கு எழுதுவது கஷ்டமாக இருந்தது. கற்பனை ராட்சசன் ஒருபோதும் இது எனக்குப் பொருந்தவில்லை என்று சொன்னதில்லை. பெரியவர் சொன்னார். தொலைபேசியில் போட்டுக் காட்டினால், நல்லா இருக்கு தம்பி, ஆனா அந்தக் குமாஸ்தா இவ்வளவு சந்தோஷமானவர் இல்லை என்பார்.

கடைசியில் கடைப் பின்னறையில் ஒரு மூக்குத்தாங்கியை மாற்றிக்கொண்டிருந்தபோது வழி பிறந்தது. ஆளுக்கு ஒரு சின்ன ராகம். ஒருவர் ஏறினால் அவர் ராகம் தொடங்கும், இன்னொருவர் ஏறினால் அதுவும் சேர்ந்துகொள்ளும், இறங்கினால் நின்றுவிடும். ஸ்வரம் மூன்றுதானே, ஆகவே நாலாவது ஆள் ஏறினால் எல்லாம் அடங்கி இரைச்சல் மட்டும் மிஞ்சும். இதைச் சொன்னதும் பெரியவர் ரொம்ப நேரம் சிரித்தார். "நிஜ லிஃப்ட்லயும் அப்படித்தான் தம்பி. நாலாவது ஆள் ஏறினதும் எல்லாரும் வாயை மூடிக்கிட்டு மேல பாப்பாங்க."

அந்த வாரங்களில் கீச்சு மன்றத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மனைவிக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. முன்பெல்லாம் அறையிலிருந்து வெளியே வரும்போது யாரோ அடித்துப்போட்ட மாதிரி வருவான். இப்போது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சண்டை போட்ட புருஷன் பெண்சாதி ஒரே லிஃப்டில் வந்தால் எந்த ராகத்துக்கு எந்த ராகம் ஒத்துவராது என்று அவளிடமே கேட்டான். அவள் யோசித்து, ஒத்துவராமல் இருக்கக் கூடாது, ரெண்டும் ஒரே ராகமாக இருக்க வேண்டும், ஒன்று கொஞ்சம் முந்தி வர வேண்டும், அப்போதுதான் எரிச்சலாக இருக்கும் என்றாள். போட்டுப் பார்த்தான். தாங்க முடியாத எரிச்சலாக இருந்தது. அப்படியே வைத்துக்கொண்டான்.

வெளியிடுவதற்கு முன்னால் பெரியவர் தன் மனசாட்சிக்காக மன்றத்தில் ஒரு விளக்கம் எழுதினார். ஆந்தைக் கோட்டை என்னுடையது அல்ல, நான் தவறாகப் புரிந்துகொண்டேன், நான் செய்தது ஒரு லிஃப்ட் விளையாட்டு, அதில் புறாதான் உண்டு என்று. பெட்டகம் அன்றைக்கே அவரை நீக்கினார். உண்மையான படைப்பாளி ஒருபோதும் தன் படைப்பை மறுக்கமாட்டார், ஆகவே இவர் ஒரு போலி என்று அறிவிப்பு வந்தது. கூடவே, ஆந்தைக் கோட்டையை நினைவிலிருந்தே மீட்டெடுக்கும் திட்டம் ஒன்றையும் அறிவித்தார்கள். ஒவ்வொரு கட்டமும் எப்படி இருந்தது என்று வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்தார்கள். ஆந்தையின் நிறத்தில் மட்டும் சமரசம் வராததால் இரண்டு விளையாட்டுகள் வெளிவந்தன. இரண்டிலும் கீச்சுவின் இசைதான். 'மூல இசையமைப்பாளர் பெயர் தெரியவில்லை' என்று போட்டிருந்தார்கள்.

கீச்சுவும் பெரியவரும் லிஃப்ட் விளையாட்டை இருவர் பெயரையும் போட்டு வெளியிட்டார்கள். குறிப்பைக் கீச்சுவே எழுதினான். இன்ன காலத்தில் செய்தது, யாரும் வாங்கவில்லை, இசை இப்போது சேர்த்தது. எல்லாம் உண்மை. பழைய விளையாட்டுப் பிரியர்கள் அதை ஒதுக்கித் தள்ளினார்கள். பழசு மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகவே செய்த பம்மாத்து என்றார் ஒருவர். அந்தக் காலத்தில் யாரும் இப்படி யோசித்திருக்க முடியாது என்றார் இன்னொருவர். விளையாடிப் பார்த்தேன், எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை என்று மூன்றாமவர் எழுதியதுதான் தீர்ப்பாக நின்றது.

மச்சினன் நீண்ட இடைவெளிக்குப் பிறகு சாப்பிட வந்தான். நெஞ்சில் வெள்ளை ஆந்தை போட்ட பனியன். கீச்சு சிரித்துவிட்டு, வியாபாரத்துக்காகவா என்று கேட்டான். இல்லை என்றான் அவன், தட்டைப் பார்த்தபடி. அந்த மண்டபத்தில் பேசப் பேசத் தனக்கும் ஞாபகம் வந்துவிட்டதாம். பக்கத்து வீட்டில், மாடிப்படிக்குக் கீழே இருந்த டி.வி.யில் ஆடியிருக்கிறானாம்.

"நீதானேடா அதை எழுதினது" என்றாள் அக்கா.

"எழுதினது நான்தான்கா. ஆனா எனக்கு எங்கிருந்து வந்துது? உள்ள இருந்தாத்தானே வெளிய வரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமா, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா அந்த மியூசிக்கை எங்க எடுத்தீங்கன்னு என்கிட்டயாவது சொல்லலாம்" என்றான்.

அக்கா அவன் முழங்காலைத் தொட்டுப் பார்ப்பது போல் கொஞ்ச நேரம் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். கீச்சு வாக்குவாதம் செய்யவில்லை. யோசித்துப் பார்த்தால் தானும் இத்தனை வருடம் இல்லாத விளையாட்டுகளை ஆடிக்கொண்டு அதே மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவன்தான் என்று தோன்றியது. ஆத்திரம் வரவில்லை. மோர் ஊற்றிக்கொண்டான்.

அதற்கப்புறம் ஒரு வேலைநாளில், பின்னறையில் யாருடைய கனத்த லென்ஸையோ அரைத்துக்கொண்டிருந்தபோது பெரியவர் கூப்பிட்டார். குரல் நடுங்கியது. உடம்புக்கு ஏதோ என்று பயந்து இயந்திரத்தை நிறுத்தினான்.

"தம்பி, ஒருத்தர் திட்டி எழுதியிருக்காரு."

"மன்றத்து ஆளா சார்? விட்டுத் தள்ளுங்க."

"இல்ல இல்ல. யாரோ ஒரு பொண்ணு, வேற ஏதோ நாட்டுல இருந்து. பழைய விளையாட்டு எதுவும் ஆடினதே இல்லையாம். நம்ம விளையாட்டை மட்டும்தான் ஆடுதாம்." கரண்ட் போகிற கட்டத்தில் மீன்தொட்டிக்காரர் உள்ளே இருந்தால் கதவு திறப்பதே இல்லை, அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, இப்படி ஒரு தப்பை வைத்துவிட்டு எப்படி வெளியிட்டீர்கள் என்று அந்தப் பெண் ரொம்பக் கேவலமாகக் கேட்டிருக்கிறாளாம். கேவலமாக என்ற சொல்லைப் பெரியவர் பட்டம் வாங்கினவர் மாதிரி சொன்னார். அன்றைக்கு எழுதியதிலேயே இருந்த தப்பாம், யாரும் அந்தக் கட்டம் வரை ஆடாததால் இத்தனை காலம் தெரியாமல் போயிற்றாம். காலையிலிருந்து உட்கார்ந்து பாதி சரிசெய்துவிட்டாராம்.

"கதவு திறக்கக் கொஞ்ச நேரம் ஆகும் தம்பி. அது வரைக்கும் அந்த ஆள் இருட்டுல மீனை வெச்சுக்கிட்டு நிக்கணும். சும்மா நிக்க விடலாமா?"

முன்பக்கத்திலிருந்து விற்பனைப் பெண் எட்டிப் பார்த்து, கஸ்டமர் கண்ணாடி இல்லாமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றாள். இரு என்று கையைக் காட்டிவிட்டு, தொலைபேசியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கீச்சு மெதுவாக முணுமுணுக்க ஆரம்பித்தான். மறுமுனையில் பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.